மாமாவும் அத்தையும் பேசிக்கொண்ட காடு

நான் கிள்ளானில் பிறந்து கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழ்க்கைப்பட்டவள். எண்பதுகளின் தொடக்கம் அது. திருமணமான முதல் வாரத்தில் ஒரு காலை, மாமியார் சமையலறையிலிருந்து என்னைக் கூப்பிட்டு, "மாமாகிட்ட சொல்லும்மா, தோசை ஆறுதுன்னு" என்றார். மாமா என்றால் என் மாமனார். அவர் சமையலறைக் கதவுக்கு நேர் எதிரே மேசையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கதவும் திறந்துதான் இருந்தது. அத்தை சொன்னது அவருக்கு நன்றாகவே கேட்டிருக்கும் என்று நான் சும்மா நின்றேன். மாமா பேப்பரை மடித்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் சொல்வதற்காகக் காத்திருந்தார்.

"மாமா, தோசை ஆறுதாம்."

"அப்படியா? வரேன்னு சொல்லு."

நான் சமையலறைப் பக்கம் திரும்பி, "வராராம் அத்தை" என்றேன். அத்தை தலையாட்டிவிட்டு அடுத்த தோசையை ஊற்றினார்.

அன்று சாயங்காலம் கணவரிடம் கேட்டேன். அவர் அதைப் பெரிய விஷயமாகவே நினைக்கவில்லை. அவருடைய அக்கா கல்யாணம் செந்தூலில் ஒரு மண்டபத்தில் நடந்ததாம். அத்தையின் தம்பி, அதாவது பெண்ணுக்குத் தாய்மாமன், தாலி கட்டி முடித்த பிறகுதான் வந்து சேர்ந்தாராம். மேடையில் நின்றுகொண்டிருந்த மாமா, "இப்ப வர்றவங்க நேரா சாப்பாட்டுப் பக்கம் போயிரலாம், இங்க வேலை முடிஞ்சிருச்சு" என்றார். பக்கத்தில் மைக் இருந்தது. அது வேலை செய்துகொண்டிருந்தது.

வீடு திரும்பியதும் அத்தை சாமி விளக்குக்கு முன்னால் நின்று, "இனிமே இந்த வீட்டுல உங்ககூட எனக்குப் பேச்சே கிடையாது" என்று சொன்னார். மாமா "நல்லது" என்றார். இருவருமே சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர்கள்.

"அது நான் வேலைக்குச் சேர்றதுக்கு முந்தி லா" என்றார் கணவர். "இவ்வளவு நாள் நான்தான் நடுவுல நின்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். இப்ப நீ வந்துட்ட."

அவர் முகத்தில் பென்ஷன் உத்தரவு கைக்கு வந்தவரின் நிம்மதி இருந்தது.

அந்த வேலையை நான் கற்றுக்கொண்டேன். மற்றபடி அவர்களுக்குள் விரோதம் இருந்ததாகச் சொல்ல முடியாது. மாமாவின் சட்டைகளை அத்தைதான் இஸ்திரி போடுவார், வேறு யாரையும் தொட விடமாட்டார். பாசாருக்குப் போய்விட்டு வரும்போது மாமா மறக்காமல் வெற்றிலை வாங்கி வருவார். அதை என் கையில் கொடுப்பார். நான் அதை அத்தை கையில் கொடுப்பேன். அத்தை வெற்றிலையைப் புரட்டிப் பார்த்து, "முத்தலா இருக்குன்னு சொல்லு" என்பார்.

சொல்வதை அப்படியே சொல்ல எனக்கு மனம் வராது. "அந்த மனுஷன்கிட்ட சொல்லு, ரேடியோவ இப்படி அலற விட்டா தெருவே எந்திரிச்சு வந்துடும்னு" என்று அத்தை சொன்னால், "மாமா, ரேடியோவக் கொஞ்சம் குறைக்கணுமாம்" என்பேன். மாமா என்னைச் சந்தேகமாகப் பார்ப்பார்.

"இவ்வளவு மரியாதையாவா சொன்னா?"

"கிட்டத்தட்ட மாமா."

ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருவர் சொல்வது பொய்யா மெய்யா என்று பார்க்கும் பார்வை அவரிடம் அப்படியே தங்கிவிட்டிருந்தது.

இரண்டாவது வருஷம் மாமாவுக்கு ரத்தக் கொதிப்பும் அத்தைக்குச் சர்க்கரையும் ஒன்றாகவே ஏறின. இருவரும் நடக்க வேண்டும் என்றார் டாக்டர். மாமா காலையில் நடந்தார், அத்தை மாலையில் நடந்தார். அடுத்த பரிசோதனையில் இரண்டுமே இன்னும் கொஞ்சம் கூடியிருந்தன. எங்கே நடக்கிறார்கள் என்று டாக்டர் விசாரித்தார். மாமா தெரு முனையிலிருந்த தே தாரேக் டீக்கடை வரை நடந்து, அங்கே உட்கார்ந்து, திரும்பி நடந்திருக்கிறார். அத்தை கோயில் வரை போய், கையில் கொடுத்த சர்க்கரைப் பொங்கலை மறுப்பது பாவம் என்று சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"கடையும் கோயிலும் இல்லாத இடமாப் பார்த்துக் கூட்டிட்டுப் போங்க" என்றார் டாக்டர்.

கோலாலம்பூரில் அப்படி ஓர் இடம் சுலபமாகக் கிடைத்துவிடாது. கணவர் ஆபீஸில் கூட வேலை பார்த்த சீனர் ஒருவர்தான் வழி சொன்னார். அம்பாங்கைத் தாண்டி, பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளுக்குப் பின்னால், யாரும் வெட்டாமல் விட்டு வைத்திருந்த சின்னக் காடு ஒன்று இருந்தது. காட்டைக் காப்பாற்ற வேலி போட்டு, உள்ளே நடக்கப் பாதைகள் ஒழுங்கு செய்திருந்தார்கள். பாதை தெரிவதற்காக ஓரத்தில் வண்ணம் அடித்த கட்டைகளை நட்டு வைத்திருந்தார்கள். சிவப்புக் கட்டை குட்டிப் பாதை. மஞ்சள், குளத்தைச் சுற்றிக்கொண்டு வரும். நீலம் மேட்டில் ஏறும், நீலத்தில் நாங்கள் கடைசிவரை போனதில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை மாமா இஸ்திரி போட்ட கால்சட்டையும் பளபளக்கும் கறுப்பு சப்பாத்தும் கையில் குடையுமாகக் கிளம்பினார். அத்தை பழைய வாயில் சேலையும் ஜப்பான் சிலிப்பரும் போட்டுக்கொண்டு, இட்லி டிபனையும் டீ ஃபிளாஸ்க்கையும் ஒரு பிரம்புக் கூடையில் வைத்துக்கொண்டார். காட்டு வாசலில் இருந்த மலாய்க் காவலாளி எங்கள் நால்வரையும் மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"நேத்து மழை. பாச்சாட் பாஞாக்" என்றார். அட்டை நிறைய இருக்கிறதாம்.

நான் பட்டணத்தில் வளர்ந்தவள். அட்டையைப் படத்தில்தான் பார்த்திருந்தேன், அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. திரும்பிவிடலாமா என்று கணவரைப் பார்த்தேன். அவர் கார் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். மாமா கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகினார். அத்தை ஒன்றும் செய்யவில்லை. கிள்ளானுக்கு அந்தப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் அவர்.

உள்ளே போனதும் சத்தம் குறைந்தது. ரோட்டில் போகும் லோரி இரைச்சல் கொஞ்ச தூரம் வரை கூடவே வந்து, பிறகு நின்றுவிட்டது. ஈரமான இலை வாசம். முக்கியமான மரங்களில் பெயர் எழுதிய தகரப் பலகைகள் மாட்டியிருந்தார்கள். மாமா ஒவ்வொரு பலகை முன்னாலும் நின்று, கண்ணாடியைச் சரிசெய்து, பெயரைச் சத்தமாக வாசித்துவிட்டுத்தான் நகர்ந்தார். பலகை இல்லாத மரத்தைக் கொஞ்சம் கண்டிப்போடு பார்த்தார்.

"மாமாகிட்ட சொல்லு, இப்படி நின்னு நின்னு நடந்தா நடந்த கணக்குல வராதுன்னு" என்றார் அத்தை.

"மாமா, கொஞ்சம் வேகமா நடக்கணுமாம்."

"மரத்தைப் பார்க்கத்தானே காட்டுக்கு வந்தோம்னு கேளு."

"அத்தை, மரத்தைப் பார்க்கணுமாம்."

இப்படியே குளம் வரை வந்தோம். கணவர் எட்டாத தூரத்தில் முன்னால் போய்க்கொண்டிருந்தார். அவர் வேண்டுமென்றே அப்படிப் போனார் என்று நான் இன்றும் நினைக்கிறேன். மாமா, அவருக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் அத்தை என்று ஒற்றையடியாக நடந்தோம். குளத்தோரம் பாதை தாழ்ந்து, இருபுறமும் புதர் உரசியது.

"மாமாகிட்ட சொல்லு" என்று அத்தை பின்னாலிருந்து ஆரம்பித்தார். குரல் மாறியிருந்தது. "கழுத்துல அட்டை."

நான் நிமிர்ந்து பார்த்தேன். மாமாவின் வலது காதுக்குக் கீழே, சட்டைக் காலருக்கு மேலே, கறுப்பாக ஒன்று நிமிர்ந்து நின்று தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி இடம் பார்த்துக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. இன்னொரு முறை முயன்றேன். காற்றுதான் வந்தது.

"சொல்லும்மா!"

என்னால் முடியவில்லை. மாமா ஒன்றும் தெரியாமல் நடந்துகொண்டிருந்தார். அட்டை காதை நோக்கி ஓர் எட்டு வைத்து, அங்கேயே கடித்து ஒட்டிக்கொண்டது. அத்தை என்னைத் தோளோடு ஒதுக்கித் தள்ளிவிட்டு முன்னால் போனார்.

"அசையாம நில்லுங்க!"

மாமா நின்றார். அந்தக் குரல் தன்னிடம் பேசியது என்று அவருக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. பாஸ்போர்ட் படத்துக்கு நிற்பதுபோல் குளத்தை நேராகப் பார்த்தபடி நின்றார்.

"என்ன?"

"அட்டை. காதுக்குக் கீழ."

"பெருசா?"

"நடுத்தரம்."

"எடுத்துரு."

அத்தை கூடையைக் கீழே வைத்து, இடுப்பில் செருகியிருந்த வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பு டப்பாவை எடுத்தார். விரல் நுனியில் கொஞ்சம் சுண்ணாம்பு தொட்டு வைத்ததும் அட்டை சுருண்டு விழுந்தது. கடித்த இடத்தில் ரத்தம் மெல்லிய கோடாக இறங்கியது. அத்தை முந்தானை நுனியால் அந்த இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டார். அட்டைக் கடி சுலபமாக நிற்காது, அதனால் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டியிருந்தது. மாமாவும் அசையவில்லை. நான் குளத்தில் மிதந்த இலைகளைப் பார்த்தேன். பார்க்கக்கூடாத ஒன்றைப் பார்த்துவிட்டதுபோல் எனக்கு வெட்கமாக இருந்தது. திரும்பி வந்த கணவர் பாதை முனையில் நின்று, எங்களைப் பார்த்துவிட்டு மறுபடியும் மறைந்துவிட்டார்.

அதற்குப் பிறகு இருவரும் வெகு தூரம் பேசவில்லை. ஓடைமேல் இருந்த மரப்பாலத்தைத் தாண்டியதும் மாமா நின்று, திரும்பாமலே, "இன்னொன்னு இருக்கா பாரு" என்றார்.

அத்தை பார்த்தார். "ஒன்னும் இல்ல."

கார் நிறுத்திய இடத்துக்கு வருவதற்குள் மாமா இரண்டு தடவை அதே சந்தேகத்தைக் கேட்டார். அத்தை இரண்டு தடவையும் காலரை விலக்கி ஒழுங்காகப் பார்த்துப் பதில் சொன்னார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே சந்தோஷம். என் வேலை முடிந்தது என்று நினைத்தேன். வாசல் கேட்டைத் திறந்து, சப்பாத்தைக் கழற்றி, எல்லோரும் உள்ளே வந்தோம். அத்தை கூடையை இறக்கி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மாமாகிட்ட கேளு, டீ போடவான்னு."

மாமா தன் நாற்காலியில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

சனிக்கிழமை மாலை மாமா என்னிடம் வந்து, "நாளைக்கு அந்தக் காட்டுக்குப் போறமா?" என்று மெதுவாகக் கேட்டார். உள்ளேயிருந்து அத்தை, "வெயில் ஏறுறதுக்கு முந்தி கிளம்பணும்னு சொல்லு" என்றார். மறுநாள் காவலாளியின் கொட்டகையைத் தாண்டி முதல் மஞ்சள் கட்டை வந்ததும் இருவரும் பேச ஆரம்பித்தார்கள். வீட்டுக் கூரை ஒழுகுவது, மூத்த மகளின் மாமியார் குணம், பக்கத்து வீட்டுக்காரர் சாக்கடையில் எண்ணெய் ஊற்றுவது என்று எல்லாவற்றையும் பேசினார்கள். திரும்பி வாசலுக்கு வந்ததும், அத்தை சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திக் காரில் ஏறினார்.

அதற்குப் பிறகு வாரம் தவறாமல் போனோம். எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஒருநாள் காய் நறுக்கும்போது அத்தையிடம் கேட்டுவிட்டேன்.

"காட்டுல மட்டும் பேசுறீங்களே அத்தை?"

"சாமி முன்னாடி நான் என்ன சொன்னேன்? 'இந்த வீட்டுல'ன்னுதானே சொன்னேன்."

"அப்படின்னா பாசார்ல பேசியிருக்கலாம், கோயில்ல பேசியிருக்கலாம். இத்தன வருஷம் ஏன் பேசல?"

அத்தை வெண்டைக்காயின் காம்பை நறுக்கி ஒதுக்கினார். "பேசியிருக்கலாம்தான். யாரு முதல்ல பேசுறது?"

அதோடு என் வேலையின் மதிப்பும் இறங்கிவிட்டது. வீட்டில் உப்பு, காபி, மருந்து மாதிரியான சில்லறைச் சேதிகள் மட்டும் என் வழியாகப் போயின. கொஞ்சம் கனமான விஷயம் என்றால், "அது ஞாயித்துக்கிழமை பேசிக்கிறோம்" என்று நிறுத்தி வைத்துவிடுவார்கள். ஒரு புதன்கிழமை குளியலறைக் குழாய் உடைந்தது. ஆள் கூப்பிடுவதா, மாமாவே கம்பி போட்டுக் கட்டுவதா என்று முடிவெடுக்க வேண்டும். "நான் கேட்டுச் சொல்றேன் அத்தை" என்றேன். "நீ சொன்னா சுருக்கிருவம்மா" என்றார் அத்தை. ஞாயிறு வரை வாளியில் தண்ணீர் பிடித்துக் குளித்தோம்.

இப்படிப் பல மாதங்கள் போன பிறகு, ஒரு ஞாயிறு அந்தக் கல்யாண விஷயம் வந்தது. எப்படி ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது. நானும் கணவரும் பின்னால் வந்தோம். குளத்தோரப் பெஞ்சில் மாமாவும் அத்தையும் உட்கார்ந்திருந்தார்கள், குரல் உயர்ந்திருந்தது. எதிர்க்கரையில் கையைத் தட்டிக்கொண்டே நடக்கும் சீனத் தம்பதி ஒன்று தட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

"உன் தம்பி அன்னைக்குக் குடிச்சிருந்தான்" என்றார் மாமா.

"தெரியும்."

"தெரியுமா? தெரிஞ்சுமா என்கூட பேசாம இருந்த?"

"அவன் குடிச்சிருந்தது எனக்குத் தெரியும். நீங்க பேசாம கைய புடிச்சு ஒரு ஓரமா உட்கார வச்சிருக்கலாம். மைக்ல சொன்னீங்க. எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க, அவன் மூஞ்சிலதான் தெரியுதே. இவ கூடப் பொறந்தவன்தானேன்னு என்னையும் பார்த்தாங்க."

மாமா குடையின் முனையால் மண்ணைக் குத்திக்கொண்டிருந்தார். கணவர் என் கையைப் பிடித்து இழுத்தார். நான் போகவில்லை.

"மைக் ஓடுறது எனக்குத் தெரியாது" என்றார் மாமா.

"தெரியாதுன்னு இத்தன வருஷத்துல ஒரு தடவை சொல்லியிருக்கலாமே."

"யார்கிட்ட சொல்லி அனுப்புறது? இத எப்படி இன்னொருத்தர்கிட்ட சொல்லி அனுப்புறது?"

 அத்தை கூடையைத் திறந்து, இட்லியை எடுத்து, பொடி தடவி, மாமா கையில் கொடுத்தார். மாமா அதைச் சாப்பிட்டுவிட்டு, "நான் சொன்னது தப்புதான்" என்றார். "ம்" என்றார் அத்தை. இன்னொரு இட்லி கொடுத்தார். எதிர்க்கரைத் தம்பதி மறுபடியும் கை தட்ட ஆரம்பித்தது. அது உடற்பயிற்சிக்குத்தான்.

அன்றைக்காவது வீட்டில் பேசுவார்கள் என்று எதிர்பார்த்தேன். சாமிகிட்ட சொன்னது சொன்னதுதானாம். அந்த வாரம் மாமா அத்தையின் தம்பிக்குப் போன் செய்து அரை மணி நேரம் பேசினார். வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, "அத்தைகிட்ட சொல்லு, தம்பி நல்லாருக்கானாம்" என்றார். அன்று நான் ஒரு சொல்லைக்கூடச் சுருக்கவில்லை.

மூன்றாம் வருஷம் நான் உண்டானேன். கணவருக்குக் காஜாங் பக்கம் மாற்றலாகி, அங்கே வரிசையாக ஒட்டிக் கட்டிய தெரஸ் வீடு ஒன்று பார்த்தோம். சேதியைச் சொல்லக் காட்டைத்தான் தேர்ந்தெடுத்தோம். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப ஞாயித்துக்கிழமை?" என்றார் அத்தை.

"மினி பஸ் இருக்கு" என்றார் மாமா.

அப்படித்தான் போனார்கள். டவுனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து அம்பாங்குக்கு ஒரு பஸ், பிறகு நடை. பஸ்ஸில் பேசினார்களா என்று கேட்டேன். அந்தச் சத்தத்தில் யார் பேச முடியும் என்றார் அத்தை. வார நாட்களில்தான் சிக்கல். நாங்கள் குடிபோன மறுவாரம் போன் அடித்தது. மாமா.

"அத்தைகிட்ட சொல்லு, குழம்புல புளி கூடிப்போச்சு."

"மாமா, அத்தை எங்க இருக்காங்க?"

"இங்கதான். எதிர்ல சாப்பிட்டுக்கிட்டு இருக்கா."

"போன அவங்ககிட்ட குடுங்க."

ரிசீவர் கை மாறும் சத்தம் கேட்டது. "அத்தை, புளி கொஞ்சம் தூக்கலாம்." "சரி, நாளைக்குக் குறைக்கிறேன்னு சொல்லு." மறுபடியும் ரிசீவர் கை மாறியது. பேறுகாலம் வரை தினமும் இது நடந்தது.

மகன் பிறந்ததும் என்னைப் பார்த்துக்கொள்ள இருவரும் காஜாங் வந்தார்கள். மாமா கையில் துணிப்பை, அத்தை கையில் பத்தியச் சாமான்கள். வாசலில் மாமா சப்பாத்தைக் கழற்றிவிட்டு அத்தையின் பக்கம் கையை நீட்டினார்.

"அதக் குடு, நான் உள்ள வைக்கிறேன்."

அத்தை நிலைப்படிக்கு வெளியே நின்றார். நிமிர்ந்து எங்கள் வீட்டைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். கூடத்து மூலையில் நான் வைத்திருந்த சின்னச் சாமிப் படத்தைப் பார்த்தார். அவர் யோசிப்பதைப் பார்த்து நானும் குழந்தையோடு அப்படியே நின்றேன்.

"மெதுவாப் புடிங்க. அடியில நல்லெண்ணெய் இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார்.

அன்று மாலை முழுக்கப் பேசினார்கள். மறுநாள் விடிவதற்கு முன் எழுந்து பேசினார்கள். குழந்தையைக் குளிப்பாட்டும்போது, தூங்க வைக்கும்போது, அவன் தூங்கிய பிறகு அவன் தலைமாட்டில் என்று பேசிக்கொண்டே இருந்தார்கள். அரிசி விலையிலிருந்து, ரயில்வேயில் மாமாவோடு வேலை பார்த்து எப்போதோ செத்துப்போனவர்கள் வரை எதையும் விடவில்லை. குழந்தை கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். எனக்கும் தூக்கம் இல்லை.

இரண்டாவது வாரம் கணவர் அறைக் கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"எப்ப லா இவங்க பிரிக்ஃபீல்ட்ஸ் போறாங்க?"

"குழந்தை தவழுற வரைக்கும் இருக்கேன்னு அத்தை சொல்றாங்க."

 அவர் எழுந்து காரைக் கழுவப் போனார். முந்தின நாள்தான் அதைக் கழுவியிருந்தார்.